கிருஷ்ணகிரி அணைக்கு ஒரு நாள் போனோம்

எங்கள் ஊர் கெலமங்கலத்தைப் பல சகோதரிகள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே, கர்நாடக எல்லையை ஒட்டினாற்போல இருக்கிற ஊர். தக்காளியும் கோஸும் ராகியும் விளைகிற மண். எங்கள் மளிகைக் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர் தெலுங்கில் பருப்பு கேட்பார், அடுத்தவர் கன்னடத்தில் விலை கேட்பார், மூன்றாமவர் உருதுவில் அலுத்துக்கொள்வார். மூவருக்கும் என் வீட்டுக்காரர் தமிழிலேயே பதில் சொல்லிக் கணக்கை முடித்துவிடுவார்! பிழைப்புக்குக் குறைவில்லாத ஊர்தான். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொழுதுபோக்க ஓர் இடம் வேண்டும் என்றால் எங்கேயாவது பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

சென்ற தை மாதம் அப்படி ஒரு நாள் கிளம்பினோம். ஊர் சுற்றும் ஆசையால் அல்ல, என் மகளுக்காக.

மூத்தவளுக்கு இரண்டாவது பிரசவம் ஆகி அப்போது ஐந்து மாதம். பெண் குழந்தை, நல்ல எடை, சுகப்பிரசவம். மாப்பிள்ளை ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை. அதனால் தாயையும் சேயையும், நாலு வயசுப் பேரனையும் எங்களிடமே வைத்திருந்தோம். ஒரு குறையும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். குழந்தை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், படுக்க வைப்பாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். சோறு போட்ட தட்டு அப்படியே இருக்கும். திடீரென்று கண்ணீர் வழியும். "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்லைம்மா" என்பாள்.

என் தப்பை மறைக்காமல் எழுதுகிறேன். "நாங்களெல்லாம் பிள்ளை பெறலையா? உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருது, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று ஒருநாள் அதட்டிவிட்டேன். அதன் பிறகு என் எதிரில் அழுவதை நிறுத்திக்கொண்டாள். கொல்லைப் பக்கம் போய் அழ ஆரம்பித்தாள்.

குழந்தைக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி போட்ட நர்ஸம்மாதான் முதலில் கவனித்தவர். ஊசி போட்டுவிட்டு, குழந்தையைப் பார்க்காமல் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத் தூங்குறியாம்மா? சாப்பிடுறியா?" என்று அவர் கேட்டதும் இவள் உடைந்துபோய் அழுதாள். பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் காரணம் தெரியாத அழுகை நிறையத் தாய்மார்களுக்கு வருமாம், தானாகவே போய்விடுமாம். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அதைச் சோம்பேறித்தனம், வீம்பு என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தனியாக எடுத்துச் சொன்னார். காட்டினோம். மருந்து கொடுத்தார்கள். "வீட்டுக்குள்ளேயே வைக்காதீங்க, காத்தாட வெளியே கூட்டிட்டுப் போங்க" என்றும் சொன்னார் டாக்டரம்மா.

எங்கே போவது? மாப்பிள்ளையின் தம்பி, பெங்களூர்ப் பக்கம் பிடதியில் இருக்கிற வொண்டர்லாவுக்குப் போகலாம் என்றான். 2005-இல் வந்த இடம் அது. பெரிய பெரிய ராட்டினங்கள், தண்ணீர்ச் சறுக்கல்கள், நாள் பூராவும் சுற்றலாம். ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தாய் எதில் ஏறுவாள்? டிக்கெட் வாங்கிக்கொண்டு பையைக் காவல் காப்பாள்! ஒகேனக்கல் என்றார் இவர். பரிசலும் அருவியும் கைக்குழந்தைக்கு ஆகாது என்று நான் தடுத்தேன். கடைசியில் என் மாமியார்தான் முடித்து வைத்தார். "டேமுக்குப் போலாம். புல்லு இருக்கும், நிழல் இருக்கும், மீன் வறுப்பாங்க. வேற என்ன வேணும்?"

கிருஷ்ணகிரி அணையைத்தான் எங்கள் பக்கத்தில் கே.ஆர்.பி. டேம் என்போம். காணும் பொங்கலுக்கும் ஆடிப் பெருக்குக்கும் அங்கே சனம் தாங்காது. ஆகவே பொங்கல் கழிந்து ஒரு வாரம் விட்டு, வியாபாரம் மந்தமான ஒரு செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டினோம்.

கைக்குழந்தையோடு கிளம்பும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையை வெளியே கொண்டுபோவது, நாம் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. பாட்டில், வெந்நீர், பால்பொடி என்று எதையும் சுமக்க வேண்டாம். பழைய பருத்தித் துணி எட்டுப் பத்து, ஒரு ரப்பர் ஷீட், ஈரத்துணி போட ஒரு பை, தாய்க்குக் குடிக்க நிறையத் தண்ணீர் – அவ்வளவுதான். பெரியவர்களுக்குப் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டினேன். பேரனுக்கு இட்லி, மிளகாய்ப்பொடி இல்லாமல், எண்ணெய் தடவி. தை மாதத்துக் காலைக் குளிர் எங்கள் ஊரில் பல்லைக் கிட்ட வைக்கும். குழந்தைக்கு ஸ்வெட்டர், கம்பளிக் குல்லாய், காலுறை எல்லாம் போட்டு ஒரு மூட்டை மாதிரி ஆக்கிவிட்டேன். இந்தக் குல்லாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் ஊருக்கு ரயில் நிலையம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், 2004-இல் தர்மபுரியிலிருந்து மாவட்டம் தனியாகப் பிரிந்தது, ஆனாலும் அங்கே ரயில் கிடையாது. ஆகவே பஸ்தான். ராயக்கோட்டையில் ஒரு தடவை மாறினோம். கோட்டை மலையைக் காட்டி, "அதுக்கு மேல ராஜா இருக்காரா?" என்று பேரன் கேட்டான். "இருந்தாங்க, இறங்கிப் போயிட்டாங்க" என்றார் தாத்தா. ராயக்கோட்டை தாண்டினால் குளிர் மெல்ல விடுகிறது. கிருஷ்ணகிரி நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் மாந்தோப்பு. தை மாதம் மாமரம் பூக்கிற காலம். பஸ் ஜன்னல் வழியாக ஒரு மணம் வருமே, புளிப்பும் இனிப்பும் கலந்தாற்போல! என் மகள் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டாள். நான் அதைக் கவனித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் குழந்தை பசித்து அழுதது. பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறை என்று 2015-இல் கொண்டுவந்தார்கள். அங்கே உட்கார்ந்து நிம்மதியாகக் கொடுத்தாள். நான் இவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அலைந்த நாளில் இதெல்லாம் ஏது? முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, யார் பார்க்கிறார்களோ என்று பயந்து பயந்து பாதியில் நிறுத்திவிடுவோம். அங்கிருந்து அணைக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான். டவுன் பஸ் உண்டு, ஆட்டோவும் உண்டு. கூடை, மாமியாரின் முட்டிவலி இரண்டையும் உத்தேசித்து நாங்கள் ஆட்டோ பிடித்தோம்.

அணை தென்பெண்ணையாற்றின் குறுக்கே நிற்கிறது. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி இங்கே வருகிற ஆறு. இதற்கும் கீழே சாத்தனூர் அணை, கடைசியில் கடலூர்க் கடல். கெலவரப்பள்ளியில் மழைக்காலத்தில் தண்ணீர் நுரை நுரையாகப் பொங்கி வருவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பெங்களூர்ப் பக்கத்துக் கழிவு ஆற்றில் கலப்பதால் வருகிற வினை. அதே தண்ணீர்தான் கீழே வருகிறது என்பதால் பேரனை ஆற்றில் கால் நனைக்கக்கூட நான் விடவில்லை. அவன் போட்ட கூச்சலைப் பொருட்படுத்தவும் இல்லை.

இந்த அணையை 1957-இல் காமராசர் திறந்து வைத்தார். தண்ணீர் நிற்கும் உயரம் 52 அடி, பெரிய மதகுகள் எட்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒரு மதகின் ஷட்டர் உடைந்து தண்ணீர் பாய்ந்து போனது பேப்பரில் பெரிதாக வந்தது. பிறகு ஷட்டர்களைப் புதிதாக மாற்றினார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் அணைக்கு முன்னால் உள்ள தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போகும், பூங்காவுக்குள் விடமாட்டார்கள். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் புளிச்சோற்றை ரோட்டோரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பூங்கா பெரிய ஆடம்பரமில்லை. சின்னக் கட்டணம், உள்ளே போனால் புல்தரை, நிழல் மரங்கள், பிள்ளைகளுக்குத் தூரி, சறுக்குமரம், ஏற்ற இறக்கப் பலகை. (ஊஞ்சலை எங்கள் பக்கம் தூரி என்போம்.) அண்ணாந்து பார்த்தால் அணைச் சுவர். மின்சாரம் இல்லாத, சத்தம் இல்லாத விளையாட்டுகள். செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டமும் இல்லை. பேரன் ஒரே ஓட்டமாகச் சறுக்குமரத்துக்குப் போனான். ஏறினான். உச்சியில் போய் உட்கார்ந்தவன், "ஆயா, இறக்கி விடு!" என்று அலறினான். பின்னால் நாலு பிள்ளைகள் வரிசை. தாத்தா கீழே கையை விரித்து நிற்க, அவன் கண்ணை மூடிக்கொண்டு வந்து விழுந்தான். பிறகு அவனை அங்கிருந்து பிரிக்கவே முடியவில்லை. ஒரு விஷயம்: தகரச் சறுக்குமரம் எங்கே இருந்தாலும் உச்சி வெயிலில் சூடேறிவிடும். பிள்ளையை ஏற்றுவதற்கு முன் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அரை டிராயர் போட்ட பிள்ளைகளுக்குத் தொடை கன்றிப்போகும். பேரனின் சட்டைப் பையில் எங்கள் போன் நம்பரை எழுதி வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

புல்லில் ஜமக்காளம் விரித்து நாங்கள் உட்கார்ந்தோம். மாமியார் அணைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயசு எழுபது. அவர் பிறந்த வீடு இந்த அணைக்குப் பக்கத்துக் கிராமம். அணை கட்டும்போது அவருடைய அப்பாவும் அம்மாவும் கல்லும் மண்ணும் சுமந்தவர்களாம். "அந்தாண்ட ஒரு புளியமரம் இருந்துச்சாம். அதுல தூளி கட்டி என்னைப் போட்டுட்டு எங்கம்மா மண்ணு சுமப்பாளாம். நான் அழுதா மேஸ்திரி திட்டுவானாம். ஓடியாந்து ஒரு வாய் பால் கொடுத்துட்டு மறுபடி கூடையைத் தூக்குவாளாம்."

இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். எப்போதும் முடிவில், "அப்படியெல்லாம் பிள்ளை வளர்த்தோம்" என்று என் பக்கம் ஒரு பார்வை வரும். நானும் அதே பாட்டைத்தானே மகளிடம் பாடினேன்! ஆனால் அன்றைக்கு என் மகள் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அவங்களுக்கு அழுகை வந்திருக்காதா அவ்வா?"

மாமியார் உடனே பதில் சொல்லவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார். "வந்திருக்கும்டி கண்ணு. யாரு பார்த்தா? மண்ணுக் கூடை தலை மேல இருந்தா முகத்தை எவன் பார்க்கிறான்?" என்றார். பிறகு, "எனக்கும் உங்க தாத்தன் வீட்டுக்கு வந்து மூணாவது பிறந்தப்போ அப்படித்தான் இருந்துச்சு. பேய் பிடிச்சிருச்சுன்னு வேப்பிலை அடிச்சாங்க" என்றார்.

இருபத்தேழு வருஷமாக அவருக்கு மருமகளாக இருக்கிறேன், இதை எனக்குச் சொன்னதே இல்லை. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் கூடையில் இருந்த டப்பாக்களை எடுத்து அடுக்கினேன். அடுக்கியவற்றையே மறுபடி அடுக்கினேன்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஜமக்காளத்தில் கிடந்த குழந்தை சிணுங்கியது. நான் எடுத்து, காற்றுப் படப்போகிறதே என்று குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டேன். அவ்வளவுதான்!

"அம்மா! அதுக்கு வேர்க்குது பாரு. கழுத்தெல்லாம் நனைஞ்சிருக்கு. கழட்டும்மா அந்தக் குல்லாயை!"

"காத்து அடிக்குதுடி..."

"உச்சி வெயில்ல என்ன காத்து? குடு இங்கே. எனக்குத் தெரியாதா என் பிள்ளைக்கு?"

குழந்தையை வெடுக்கென்று வாங்கிக் குல்லாயைக் கழற்றி எறிந்தாள். ஸ்வெட்டரையும் கழற்றினாள். கழுத்து மடிப்பைத் துடைத்தாள். என்னை முறைத்தாள். நாலு மாதத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மற்ற நாளாக இருந்தால், "எங்கிட்டயா எகிறுறே?" என்று நானும் பதிலுக்கு நின்றிருப்பேன். அன்றைக்கு எனக்கு வயிறு குளிர்ந்துபோனது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் வேறெங்கோ பார்ப்பது போல அணையைப் பார்த்தோம்.

அவள் சொன்னதுதான் சரியும்கூட. குளிருக்குப் போட்டதை வெயில் வந்ததும் கழற்ற வேண்டும். கைக்குழந்தைகளுக்கு உடம்புச் சூடு வெளியேறுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு. கம்பளிக் குல்லாயோடு வெயிலில் வைத்திருந்தால் சூடு கண்டு வேர்க்குரு வரும், குழந்தை துவண்டுவிடும். பாட்டிமார்கள் நாம் இதில் கொஞ்சம் அதிகப்படிதான்.

பிறகு மீன். அணைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மீனுக்காகத்தான் வருகிறார்கள் என்றால் தப்பில்லை. கட்லா, ரோகு, ஜிலேபி என்று அணை மீனைக் கழுவி, கீறி, சிவக்க மசாலா தடவி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நாம் காட்டுகிற மீனை நம் கண்ணெதிரிலேயே எண்ணெயில் போடுவார்கள். வாங்குகிற சகோதரிகள் இரண்டு விஷயம் பாருங்கள். மசாலா தடவிவிட்டால் பழைய மீனும் புது மீன் மாதிரிதான் தெரியும். ஆகவே தடவாத மீனைக் காட்டச் சொல்லி, கண்ணும் செதிளும் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் கறுத்துப்போய்ப் புகைந்துகொண்டிருந்தால் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுங்கள். கட்லாவிலும் ரோகுவிலும் சதைக்குள்ளே இரட்டைக் கிளையாக மெல்லிய முள் இருக்கும். பிள்ளைகளுக்கு வயிற்றுப் பக்கத்துத் துண்டாக எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் ஊட்ட வேண்டும். வெறும் மீனாகக் கொடுக்காமல் தயிர்ச்சோற்றோடு பிசைந்தால் முள் தட்டுப்படாது, ஏமாந்துவிடுவோம், தனியாகவே கொடுங்கள்.

என் மகள் ஒரு துண்டைப் புளிச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டாள். இலையைப் பார்க்காத மாதிரி நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடித்துவிட்டு அப்பாவிடம், "இன்னொன்னு கிடைக்குமாப்பா?" என்றாள். இவர் எழுந்து ஓடிய வேகத்தைப் பார்த்துப் பேரனே சிரித்தான். ஒன்று கேட்டால் நாலு வாங்கி வந்தார், கடைக்காரர் ஆயிற்றே!

சாயங்காலம் கிளம்பும் நேரம். மாமியார் காலி தூரி ஒன்றின் பக்கத்தில் போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னப் பிள்ளைகளுக்கான தூரி அது. காவலாளி அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். "அத்தை, வேணாம், திட்டுவாங்க" என்றேன். அவர் கேட்டால்தானே? ஒல்லி உடம்புதான், உட்கார்ந்துவிட்டார். காவலாளி பார்த்தார். பீடியைப் பற்றவைக்கத் திரும்புகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மகள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய், அவ்வாவின் முதுகில் கை வைத்து நாலு தடவை ஆட்டிவிட்டாள். "மெதுவாடி, மெதுவா! முட்டி!" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஆடினார் மாமியார்.

திரும்பும் வழியில் ராயக்கோட்டையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தக்காளி வந்து குவிந்திருந்தது. அந்த ஊர்த் தக்காளி வியாபாரம் பேர் போனது. கடைக்காரர் பெண்டாட்டி நான், வேண்டாம் என்று சும்மா இருந்தேன். மகள் போய் விலை கேட்டாள். அதிகம் என்றாள். நகர்ந்தாள். கூப்பிட்டார்கள், திரும்பிப் போனாள். ஒரு கூடையை ஆகக் குறைந்த விலைக்குப் பேசிவிட்டு வந்து, "தூக்குங்கப்பா" என்றாள். அந்தக் கூடையோடு, குழந்தையோடு, முட்டிவலி மாமியாரோடு பஸ் ஏறியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு வாரத்துக்கு வீட்டில் தக்காளித் தொக்குதான்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசை. அப்படி இல்லை. மூன்றாம் நாள் காலையில் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மருந்து நடந்துகொண்டிருக்கிறது, மாதம் ஒரு தடவை டாக்டரம்மாவிடம் போகிறோம். இதற்கு நாள் பிடிக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் இப்போது "என்னடி?" என்று கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறேன். சில நாள் அவளும் இரண்டு பல் உரிப்பாள். மாமியார் வந்து உட்காருவார். அவருடைய மூன்றாவது பிரசவத்துக் கதை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது.

பேரன் தினமும் டேமுக்குக் கிளம்புகிறான், தெருமுனை வரையில். ஆடிப் பெருக்குக் கூட்டம் கலைந்ததும் ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை போவதாகப் பேச்சு. அதற்குள் குட்டிக்கு ஒரு வயசு ஆகிவிடும், தூரியில் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். குல்லாயைத் துவைத்து மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.